தாசில்தார் தலைக்கு மேல் அமலை

ஜூன் 22, ஞாயிறு

இந்த வருஷம் அப்பாவுக்கு யூனியனில் கொடுத்த டைரி இது. இதுவரை யாரும் இதில் ஒரு வரிகூட எழுதவில்லை. இன்றைக்கு நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். சாட்சி வேண்டாமா? அதனால் டைரியை நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஆட்கள். நான் ஆவுடை, பத்தாம் வகுப்பு. ஆவுடை என்று பேர் வைத்துவிட்டு எதையும் உடைக்காதே என்றால் எப்படி? அப்பா ரயில்வே கார்டு. கொடி காட்டி ஊரையே அனுப்பிவைப்பார். வீட்டில் மட்டும் பச்சையும் காட்ட மாட்டார், சிவப்பும் காட்ட மாட்டார். மூன்றாவது ஆள் செண்பகவல்லி. போன மாதம் அப்பா கல்யாணம் செய்து கூட்டிவந்தவர். ஊர் கோவில்பட்டி. வந்த அன்றைக்கு எனக்கென்று ஒரு பெட்டி கடலைமிட்டாய் கொண்டுவந்தார். ஆகவே இந்த டைரியில் அவர் பேர் க.மி. பேச்சும் கம்மிதான்.

க.மி.க்கு இதுவரை இரண்டு சோதனை வைத்தேன். சர்க்கரை டப்பாவில் உப்பு போட்டேன். அவர் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தார். செருப்புக்குள் ரப்பர் பல்லி வைத்தேன். மறுநாள் அது ஹாலில் டியூப்லைட் பக்கத்தில், பல்லி இருக்கவேண்டிய இடத்தில் ஒட்டியிருந்தது. ஒரு கத்தல் இல்லை, ஒரு திட்டு இல்லை. இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பிழைப்பது?

அவர் சீதனமாகக் கொண்டுவந்தது மூன்றடி நீள மீன் தொட்டி. லோடு ஆட்டோவில் தொட்டிக்கு இரண்டு பக்கமும் தலையணை. மீன் மட்டும் அவர் மடியில், தூக்குவாளிக்குள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு கோல்டு பிஷ், பேர் தாசில்தார். முன்பு க.மி. வேலை பார்த்த ஆபீஸில் தாசில்தார் ஒருத்தர் இப்படித்தானாம். வயிறு முதலில் உள்ளே வருமாம், யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாராம், சாப்பிட மட்டும் வாய் திறப்பாராம்.

தொட்டியை ஹால் ஜன்னலோரம் வைத்தார்கள். அங்கேதான் அம்மாவின் தையல் மிஷின் இருந்தது. அம்மா போனபிறகு நாலு வருஷமாக யாரும் மிதிக்காத மிஷின்தான். அதை மாடி அறைக்கு ஏற்றிவிட்டார்கள். எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். டியூஷன் முடிந்து ரெக்ஸ்லினோடு படித்துறைக்குப் போனேன். ரெக்ஸ்லின் என் வகுப்பு. என் எல்லாக் குற்றத்திலும் பாதி அவளுடையது. ஆற்றில் தண்ணீர் தெரியவில்லை, கரையிலிருந்து கரைவரை அமலைச்செடிதான், பாடப்புத்தகத்தில் ஆகாயத்தாமரை. ஜே.சி.பி. வைத்து அள்ளுவார்கள். அள்ளினவர்கள் வீட்டுக்குப் போய்க் கை கழுவுவதற்குள் திரும்பவும் பாய் விரித்துவிடும். அதில் குஞ்சாக ஒன்றைப் பிடுங்கி டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்து தொட்டியில் விட்டேன்.

திட்டம் எளிது. ஒரு மாதத்தில் தொட்டி குளமாகும். குளத்தை யாரும் ஹாலில் வைக்க மாட்டார்கள். ஜன்னலோரம் காலியாகும்.

ஜூன் 23, திங்கள்

யாரும் கவனிக்கவில்லை. தாசில்தார் மட்டும் வந்து வேரை முகர்ந்து பார்த்தார்.

ஜூன் 24, செவ்வாய்

கவனித்தாயிற்று. நான் சாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, நீயா வைத்தாய் என்று கேட்டார். ஆமா என்றேன். திட்டு வாங்கத் தோதாக முகத்தை வைத்துக்கொண்டேன். இந்த முகத்துக்கு நான் கண்ணாடி முன்னால் பயிற்சி எடுத்திருக்கிறேன்.

"கல்யாணத்துக்கு வந்த அம்புட்டுப் பேரும் எனக்குக் குத்துவிளக்கும் குக்கரும் தந்தாக. தாசில்தாருக்குன்னு தந்தது நீ ஒருத்திதான்."

பயிற்சி எடுத்த முகத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்படியே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

க.மி.க்கு அமலை என்றால் என்னவென்றே தெரியாது. அவர் ஊரில் தண்ணீரே லாரி ஏறித்தான் வருமாம். ஆற்றுக்கே வழியில்லாத இடத்தில் ஆற்றுக்குப் பிடித்த வியாதியை எப்படித் தெரியும்?

ஜூன் 29, ஞாயிறு

இது செடியா, என்ன இது? பக்கவாட்டில் ஒரு கையை நீட்டியது. கை நுனியில் ஒரு குட்டி. முந்தாநாள் சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது, இன்று தீப்பெட்டி அளவு. அதுவும் ஒரு கையை நீட்ட ஆரம்பித்துவிட்டது. கோ-கோ ஆட்டத்தில்கூட உட்கார்ந்தவளைத் தொட்டால்தான் அடுத்தவள் எழும்புவாள். இங்கே தொடுவதற்கு முன்னாலேயே எழும்புகிறார்கள்.

க.மி. வேலைக்காரி ராமாத்தாளிடம் தொட்டியைக் காட்டி, எங்க ஆவுடை கைராசி அப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ராமாத்தாள் ஆற்றங்கரைக்காரி. வாயைத் திறந்தாள். நான் க.மி. முதுகுக்குப் பின்னால் நின்று கும்பிட்டேன். ராமாத்தாள் வாயை மூடிக்கொண்டு, ஆமாம்மா, ராசியான கைதான் என்றாள். மூடின வாய்க்குக் கூலியாக எனக்கு ஒரு பெட்டி கடலைமிட்டாய் செலவு.

ஏன் கும்பிட்டேன்? குட்டு உடைந்தால் விளையாட்டு முடிந்துவிடும், அதற்காகத்தான்.

ஜூலை 4, வெள்ளி

அப்பா ரயில் டியூட்டி முடிந்து வந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் நின்றார். ஆற்றைத் தாண்டியே தினமும் ரயிலில் போய்வருகிற மனுஷன், பார்த்ததும் தெரியாமலா இருக்கும்? செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே க.மி. கைராசிக் கதையை ஆரம்பித்திருந்தார். அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு குளிக்கப் போகிற வழியில் என் காதுக்கு மட்டும் சொன்னார்.

"ஏட்டி, திருப்பி ஆத்துலயோ வாய்க்கால்லயோ மட்டும் விட்டுராத. மத்தது உன் பாடு."

மத்தது என் பாடாம். கொடி காட்டினாரா, இல்லையா?

ஜூலை 9, புதன்

விஞ்ஞானி ஆவுடையின் குறிப்புகள். காம்பில் ஒரு குமிழ் இருக்கிறது, சின்னக் கத்திரிக்காய் மாதிரி. அறுத்துப் பார்த்தேன். உள்ளே தேன்கூடு போல அறை அறையாகக் காற்று. அதனால்தான் மிதக்கிறது. வெறும் காற்றை வயிற்றில் வைத்துக்கொண்டு ஊரையே ஆளுகிற ஜாதி. வேர் கறுப்பும் ஊதாவுமாக, எண்ணெய் வைக்காத சடை மாதிரி தொங்குகிறது. தாசில்தார் மத்தியானத்தில் அதற்குள் போய்த் தூங்குகிறார்.

எது முதல் செடி என்று தெரியாமல் போய்விடும்போல இருந்ததால், அதன் குமிழில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். அது தாய்.

க.மி. பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்து, எதற்கு அறுக்கிறாய் என்று கேட்கவில்லை. "அந்தப் பக்கமும் அறுத்துப் பாரு, குறுக்க எப்படி இருக்குன்னு" என்றார். குறுக்கே அறுத்தால் நட்சத்திரம் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். சோற்றுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று இருவருக்கும் தெரியாது. ராத்திரிக்குக் கஞ்சி.

ஜூலை 15, செவ்வாய்

பெரிய கண்டம் தப்பியது. ஜங்ஷனில் எனக்கு யூனிபார்ம் துணி எடுக்க க.மி.யோடு பஸ்ஸில் போனேன். பாலம் வரும்போதுதான் ஞாபகம் வந்தது. பாலத்துக்குக் கீழே ஆறு, ஆறு முழுக்க அமலை. க.மி. ஜன்னலோரம்.

கண்ணில் தூசி என்று கத்தினேன். அவர் பதறித் திரும்பி, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இமையை விலக்கி ஊதினார். முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கிக் கண்ணில் ஒற்றினார். பாலம் முடிந்துவிட்டது. இன்னும் உறுத்துதா என்று கேட்டார். ஆமா என்றேன். அடுத்த ஸ்டாப் வரைக்கும் உறுத்தியது.

திரும்பி வரும்போது நானே ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலை 17, வியாழன்

தொட்டி நிரம்பிவிட்டது. கூடுதலானதை க.மி. தூக்கிப் போட மாட்டேன் என்கிறார். பிள்ளை கொடுத்ததை எப்படிப் போடுவது என்கிறார். குளியலறை வாளியில் அமலை, பழைய ஆட்டுக்கல் குழியில் அமலை, இட்லிக் கொப்பரையில் அமலை. ஊருக்கெல்லாம் தண்ணி காட்டின எனக்கு இந்தச் செடி தண்ணி காட்டுகிறது.

மேலிருந்து பார்த்தால் இப்போது தாசில்தார் தெரிவதே இல்லை. பக்கவாட்டில் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

ஜூலை 19, சனி

கை நோகிறது. எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

இன்று எங்கள் ஏரியாவில் பராமரிப்புப் பணி, சாயங்காலம்வரை கரண்ட் கிடையாது. அப்பா டியூட்டி. க.மி. கோவில்பட்டிக்குப் போயிருந்தார், அவருடைய அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. வீட்டில் நானும் தாசில்தாரும்தான்.

கரண்ட் போனதும் தொட்டிக்குக் காற்று அடிக்கிற மோட்டார் நின்றது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் குனிந்து பார்த்தபோது அவர் வேரையெல்லாம் முட்டிக்கொண்டு மேலே வர வழி தேடிக்கொண்டிருந்தார். கிடைத்த ஒரே இடுக்கில் வாயை வைத்து வைத்து எடுத்தார். மேலே இடமில்லை. இடத்தையெல்லாம் நான் கொடுத்த பரிசு பிடித்துக்கொண்டிருந்தது.

பாதிச் செடியை அள்ளி வாளியில் போட்டேன். அப்படியும் அவர் கவிழ்ந்து கவிழ்ந்து வந்தார். அப்போதுதான் டீக்கடை மாஸ்டர் ஞாபகம் வந்தது. ஒரு செம்பில் தண்ணீரை மொண்டு கை எட்டுகிற உயரத்திலிருந்து ஊற்றினேன். நுரை கிளம்பியது. நுரை என்றால் காற்று. மறுபடி மொண்டேன், மறுபடி ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் தாசில்தார் நுரைக்குக் கீழே வந்து நின்றுகொண்டார். நிறுத்தினால் கவிழ்கிறார், ஊற்றினால் நிமிர்கிறார்.

ரெக்ஸ்லின் கணக்குப் புத்தகம் வாங்க வந்தாள். "என்னட்டி, மீனுக்கு டீ ஆத்துதியா?" என்றாள். சிரித்து முடித்துவிட்டு இன்னொரு செம்பு எடுத்தாள். மாற்றி மாற்றி ஆற்றினோம். சொல்லித் தொலை, உங்க சித்திகிட்ட இது அமலைன்னு என்றாள் அவள். சொன்னால் மீனுக்கு நல்லது, எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிடலாம். ஆனால், தாசில்தாருக்குத் தந்தது நீ ஒருத்திதான் என்று சொன்னாரே, அந்த முகத்தை என்ன செய்வது? ரெக்ஸ்லின் செம்பை மறுபடி மொண்டாள்.

க.மி. வந்தபோது கரண்ட் வந்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தரையெல்லாம் ஏன் ஈரம் என்றார். துடைத்தேன் என்றேன். கையை ஏன் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறாய் என்றார். எழுதி எழுதி என்றேன். சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் தைல பாட்டில் இருந்தது.

போரடித்ததால்தான் ஆற்றினேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

அள்ளிய பாதியை மொட்டை மாடியில் காயப் போட்டிருந்தேன். ஒரு வாளிச் செடி இரண்டே வெயிலில் ஒரு கைப்பிடி ஆகிவிட்டது. மீதியெல்லாம் தண்ணீராம். ஆற்றைக் குடித்து ஆறாகவே நின்றிருக்கிறது.

இறங்கும்போது மாடி அறையை எட்டிப் பார்த்தேன். அம்மாவின் மிஷினுக்குப் புதுசாக உறை தைத்துப் போட்டிருக்கிறது. தூக்கிப் பார்த்தேன். எண்ணெய் விட்டுத் துடைத்து, சக்கரம் தொட்டவுடன் ஓடியது. அப்பாவுக்கு எண்ணெய் எங்கே விடவேண்டும் என்று தெரியாது.

உறையைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

பூத்துவிட்டது! தண்டு நிமிர்ந்து, மேலே வெளிர் ஊதாவில் ஒரு கொத்து. மேல் இதழில் மட்டும் மயில்கண் மாதிரி மஞ்சள் பொட்டு. ஊரே திட்டுகிற செடிக்கு இவ்வளவு அழகு எதற்கு? யாரை மயக்க?

க.மி. அதைப் பறித்து சாமிக்கு வைக்கவில்லை, தலையிலும் வைக்கவில்லை. போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். எல்லோருக்கும் என்றால் பேச்சி அத்தைக்கும்.

ஜூலை 31, வியாழன்

பேச்சி அத்தை அப்பாவின் அக்கா. அம்பாசமுத்திரம். ஆற்றுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு தென்னை மரம்தான். பேருக்கு ஏற்ற பேச்சு. அவளிடம் சொன்னது அன்றைக்கே தென்காசி தாண்டும். இந்தக் கல்யாணத்தில் அவளுக்கு இஷ்டமில்லை. புதுப்பெண்ணைக் குறைசொல்ல ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம்.

ஒரே நம்பிக்கை அவளுடைய கண். போட்டோவில் ஏதோ பூ இருக்கு, கனகாம்பரமா என்று கேட்டாளாம். அப்பாவிடம் மெதுவாக விசாரித்தேன். போட்டோ பார்த்த மறுநாள்தான் புரை ஆபரேஷன் ஆனது, கட்டு அவிழ்த்தபிறகு கொசுவின் கண்ணிமைகூடத் தெரிகிறதாம் அக்காவுக்கு என்றார்.

தொட்டி மேல் போர்வை போடலாமா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

போர்வை போட்டேன். க.மி. எடுத்துவிட்டார். மதினி பார்க்கட்டும் என்றார்.

அத்தை கறுப்புக் கண்ணாடியோடு வந்தாள். உட்காருவதற்கு முன்னாலேயே க.மி. அவளைத் தொட்டியிடம் கூட்டிப்போனார். இந்த வீட்டில் அத்தையிடம் காட்ட அவருக்கு வேறு ஒன்றும் இல்லையே.

"ஆவுடை தந்த செடி மதினி. நான் வந்த புதுசுல தந்தா. அவ கைராசி, எம்புட்டு வந்திருக்கு பாருங்க."

அத்தை கண்ணாடியைக் கழற்றினாள். குனிந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சோபாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏளா, இது அமலைல்லா. ஆத்தைக் கெடுக்குன்னு ஊரே அள்ளி எறியுது. நீ கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பூப் பூக்க வச்சிருக்க. இந்தக் குட்டி உன்னைய நல்லா ஏமாத்திருக்கா."

க.மி. கையில் காப்பித் தம்ளர் இருந்தது. ஆற்றிக்கொண்டிருந்தவர் கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் பல்லியைப் பார்த்தேன், டியூப்லைட் பக்கத்து ரப்பர் பல்லியை. அது ஒட்டிக்கொண்டு இருந்தது. என்னால் அதுகூட முடியவில்லை.

கை மறுபடி ஆற்ற ஆரம்பித்தது.

"தெரியும் மதினி. எம்புட்டு வேகமாப் பெருகுதுன்னு அவளும் நானுமா பாத்துக்கிட்டு இருக்கோம். குமிழை அறுத்தா உள்ள நட்சத்திரம் இருக்கும், பாத்திருக்கீகளா நீங்க?"

அத்தை பார்த்ததில்லை. ஆயுசு முழுக்க அமலைக்குப் பக்கத்தில் இருந்தும் பார்த்ததில்லை. க.மி. ஒன்றை அறுத்து வெயிலில் பிடித்துக் காட்டினார். அத்தை புதுக் கண்ணால் பார்த்துவிட்டு, ஆமா, இதுவும் ஒரு படிப்பா என்று முனகினாள். அதற்குப் பிறகு அமலையைப் பற்றி அவள் பேசவில்லை. அம்பாசமுத்திரம் போய்ப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் பொய் சொல்வதில் டிகிரி முடித்தவள். எனக்குத் தெரியும், அது அந்த நிமிஷத்தில் பிறந்த பொய். அதற்கு முன்னால்வரை அவருக்குத் தெரியாது.

எனக்கு வந்த காப்பியில் சர்க்கரையே இல்லை. மறந்துவிட்டார். கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பேசவில்லை. அவரும், நானும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தொட்டி காலி. கண்ணாடி துடைத்து, தண்ணீர் மாற்றி, கூழாங்கல்லெல்லாம் கழுவிப் போட்டிருக்கிறது. தாசில்தார் முழுசாகத் தெரிகிறார். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, வயிறு முன்னால் போக, யாரையும் பார்க்காமல் நீந்துகிறார். அவருக்கு நல்லதுதான்.

வாளியில் இல்லை, ஆட்டுக்கல் குழியில் இல்லை. மாடிக்கு ஓடினேன். எல்லாம் வெயிலில் கிடந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். சிவப்புப் பொட்டு வைத்தது மட்டும் கிடைக்கவில்லை. குப்பைக்கூடையைக் கிளறினேன், அங்கேயும் இல்லை.

சொல்லவேண்டியதை மூன்று தடவை மனசுக்குள் எழுதிப் பார்த்துவிட்டுச் சமையலறை வாசல்வரை போனேன். க.மி. எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார். நாளைக்கு எலுமிச்சைச் சோறு, சரிதானே என்று கேட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டு. சரி என்றேன். உன் டிபன் பாக்ஸை எடுத்துவை என்றார். எடுத்துவைத்தேன். அவ்வளவுதான் பேச்சு.

மொட்டை மாடியில் காற்று ஜாஸ்தி. கண்ணில் தூசி. இந்தத் தடவை ஊத ஆள் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மத்தியான மணி அடித்தது. வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தோம். ரெக்ஸ்லினுக்கு எங்கள் வீட்டு எலுமிச்சைச் சோறு என்றால் உயிர், கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்தேன்.

சோறு இல்லை. ஒரு விரல்கடைத் தண்ணீர், அதன்மேல் அமலை. குமிழில் என் சிவப்புப் பொட்டு. பொட்டுக்குக் கீழே, அதே நகப்பூச்சால் இரண்டு கண் வரைந்திருந்தது. ஒரு மூக்கு. ஒரு வாய். கடைசியாக, வாயிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு ஒரு நாக்கு. என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டியது.

ரெக்ஸ்லின் வீல் என்று கத்தி, பின்னால் இருந்தவள் மடியில் விழுந்தாள். பக்கத்து வட்டத்தில் இருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். கீழ்த் தட்டைத் திறந்து பார்த்தேன். அடங்க அடங்க எலுமிச்சைச் சோறு, மேலே பொரித்த அப்பளம், ஓரத்தில் இரண்டு கடலைமிட்டாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், மூக்கில் தண்ணீர் வந்தது, கண்ணிலும் வந்தது. அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருத்தி கேட்டாள், எவட்டி உனக்கு இப்படி வச்சா, எவளுக்கு இம்புட்டுத் தைரியம் என்று.

"எங்க சித்தி," என்றேன்.

டைரியை மூடிவிட்டுப் போய்ச் சர்க்கரை டப்பாவைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.